பன்னிரண்டாவது பட்டாம்பூச்சி

செத்துப்போன பூச்சியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட குடும்பம் செஞ்சியில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். அதிலும் நாங்கள் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்துவிடக் கூடாது என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறவர்கள். அம்மா வீடு கூட்டும்போது எறும்புச் சாரி குறுக்கே வந்தால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அது போகும் வரை நிற்பாள். எறும்பு எப்போது போய் முடிப்பது, இவள் எப்போது கூட்டி முடிப்பது என்று நைனா கேலி செய்வார். அப்படிப்பட்ட வீட்டில் ஓர் ஐப்பசி மாதம், எங்கேயாவது ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம்.

எல்லாம் அண்ணனால் வந்தது. எங்களுக்குப் பூர்வீகம் மேல்சித்தாமூர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரத்துக்காக நைனா செஞ்சி பஜாருக்குக் குடிவந்தவர். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அண்ணன்தான். விலங்கியல் படித்தான். விலங்கியல் என்றால் யானை, சிங்கம், மான் இவற்றின் குணங்களைப் படிப்பது, படிக்கப் படிக்க ஜீவகாருண்யம் வளரும் என்று நைனா நம்பியிருந்தார். ஊர் உறவுக்காரர்களிடமும் அப்படியே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். காலேஜில் தவளையை அறுக்கிற விஷயத்தைப் பற்றி அண்ணன் வீட்டில் மூச்சுவிடவில்லை.

அந்த வருஷம் லீவுக்கு வந்தபோது அண்ணன் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தான். மேலே கண்ணாடி மூடி, அடியில் ஊசி குத்த வழவழவென்று நெட்டி. கூடவே ஒரு குண்டூசிப் பொட்டலம், அகல வாய் பாட்டில் ஒன்று, அதற்குள் மருந்தில் நனைக்கப் பஞ்சு. பன்னிரண்டு பட்டாம்பூச்சிகளைப் பிடித்து, இறகு விரித்து ஊசி குத்திப் பெட்டியில் வைத்துத் தீபாவளி கழிந்ததும் கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். என்னென்ன பூச்சி என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார். நைனா பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பஞ்சு எதற்கு என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அல்லது அப்போது வரவில்லை. பூச்சியைச் சாகடிக்க என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து நைனா கை கழுவும் வரை பொறுத்திருந்துவிட்டு அண்ணன்தான் ஆரம்பித்தான்.

"பொட்டி வெக்கலன்னா பரீட்சைல உக்கார உட மாட்டாங்க நைனா. ஒரு வருஷம் பூடும்."

நைனா துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"தானா செத்தத எடுத்துக்கோ. இன்னோர் உசுர சாவடிச்சிப் படிக்கிற படிப்பு நமக்கு வாணாம்."

தீர்ப்பு அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது. பாட்டிலையும் பஞ்சையும் தோட்டத்தில் புதைத்துவிடலாம் என்று நைனா கிளம்பினார். மண்புழு இருக்குமே என்றாள் அம்மா. கடைசியில் அவை ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போய்ச் சேர்ந்தன. பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியின் மூலையில் வைக்கச் சொன்ன பாச்சை உருண்டைக்கும் அதே கதிதான். பாச்சை உருண்டை என்றால் பாச்சை சாவதற்குத்தானே என்று அம்மா கேட்டதும் காலேஜ் படித்தவன் அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

எனக்கு அப்போது எட்டு வயது. இந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத கழுகுக் கண் எனக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். செத்த பட்டாம்பூச்சி எங்கே கிடைக்கும்? சிலந்தி வலையில் கிடைக்கும். ஆனால் அதை எடுத்தால் சிலந்தி வாய்ச் சோற்றைப் பிடுங்கின பாவம் வரும் என்று அம்மா தடுத்துவிட்டாள். இரண்டு நாள் வெறுங்கையோடு அலைந்த பிறகு எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ்கள் மலையும் புதர்க்காடுமாக இருக்கிற வழியாக வரும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்தால் முன்பக்கக் கம்பி வலையில் என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றினான்.

மூன்று பட்டாம்பூச்சிகள் கிடைத்தன. மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, இறகு பாதி போன ஆரஞ்சில் ஒன்று. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அதே வேலையாகப் போய்விட்டது. பஸ் வந்து நின்றதும் ஜனங்கள் பின்பக்கம் ஓடுவார்கள், நாங்கள் முன்பக்கம் ஓடுவோம். என்ஜின் சூடு முகத்தில் அடிக்க, கம்பிக்கு நடுவே விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பேன். ஒரு டிரைவர் ஸ்டியரிங்மேல் சாய்ந்துகொண்டு வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா பாப்பா, பஸ்ஸுக்குப் பேன் பாக்கிறியா?"

அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பேன் பாக்கிற பாப்பா என்று பெயர். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. வேறு எந்தப் பாப்பாவுக்கும் டிரைவர்கள் பெயர் வைக்கவில்லை. வேலூர் வண்டி டிரைவர் ஒருவர் வழியில் ஒட்டினதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார். கிழிந்த இறகைப் பிசின் வைத்து ஒட்டி, ஒடிந்த காலை நேராக்கி அண்ணன் பெட்டியில் ஏற்றினான். பட்டியலில் பதினொன்று தீர்ந்தது.

மீதி ஒன்று. அது கருப்பு. சுத்தக் கருப்பு இல்லை, வெயிலில் வெளுத்த கருப்பு. இறகு ஓரம் பூராவும் வெள்ளைப் புள்ளி, தலையிலும் மார்பிலும்கூட ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் பொட்டு. ஊருக்கு ஊர் கிடைக்கிற பூச்சி அது, அதைக்கூடக் கொண்டுவராதவன் பரீட்சைப் பக்கம் வர வேண்டாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். உண்மைதான். ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில், செட்டிக்குளத்தைத் தாண்டி மர நிழலில் அந்த மாதம் அதுதான் கூட்டம் கூட்டமாக இருந்தது. உயிரோடு இருந்தது என்பதுதான் சங்கடம். ரோட்டுப் பக்கமே அது வராது. மர நிழலை விட்டு வெளியே வராமல், அவசரமே இல்லாமல், தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். எந்த பஸ்ஸில் அடிபட்டுச் சாகும்?

பறவையும் அதைத் தொடவில்லை. ஒரு கரிச்சான் குருவி ஒன்றைப் பிடித்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி உடனே துப்பிவிட்டு, அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டதை நானே பார்த்தேன். புழுவாக இருக்கும்போது அரளி இலையைத் தின்று வளருவதால் அதன் உடம்பெல்லாம் விஷம், ஒருமுறை தின்ற குருவி மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்றான் அண்ணன். அதனால்தான் அதற்கு அவசரமில்லை போலிருக்கிறது. சாப்பாட்டிலும் அதற்குத் தனி வழி. பூத்துக் குலுங்கும் செடியை விட்டுவிட்டுக் காய்ந்து சுருண்ட தேள்கொடுக்குச் செடியில் போய் மொய்க்கும்.

அரளி எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. பூஜைப் பூவுக்காக அம்மா வைத்தது. அதில் பாதி இலையைப் புழு தின்றிருந்தது. நம் வீட்டுச் சாப்பாடுதானே என்று அம்மா விட்டிருந்தாள். ஒருநாள் இலைக்கு அடியில் வெள்ளியாக ஏதோ மின்னியது. தொலைந்துபோன என் ஜிமிக்கி கிடைத்துவிட்டது என்று கையை நீட்டினேன். அண்ணன் பிடித்து இழுத்தான். அது அந்தக் கருப்புப் பூச்சியின் கூடு. கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. பரீட்சையே அதற்குள் தொங்குவது போல அண்ணன் நாலு நாள் காவல் காத்தான்.

ஐந்தாம் நாள் காலையில் அது வெளியே வந்தது. இறகு ஈரமாகக் கசங்கிக் கிடந்தது, பறக்கத் தெம்பில்லை. கையை நீட்டினால் போதும். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நைனாவும் பல்குச்சியை வாயில் வைத்தபடி வந்து நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இறகு காய்ந்ததும் அது எழுந்து, கோட்டை மலைப் பக்கம் மெதுவாகப் போய்விட்டது. "போச்சு" என்றான் அண்ணன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள். தீபாவளி முடிந்த மறுநாள் அவன் கிளம்ப வேண்டும். மத்தியானம் கடைசித் தடவையாக இரண்டு பேரும் செட்டிக்குளத்துக்குப் போனோம். காலையில் பெய்த மழையில் காடு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே உதிர்ந்து கிடக்கிற இலைகளுக்கு நடுவே தேடிக்கொண்டே அண்ணன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம் போனேன். பாறை இடுக்கில் ஒரு காய்ந்த கொடி தொங்கியது. அதில் வரிசையாகச் சருகு என்று நினைத்துக் கிட்டே போனால், எல்லாம் அதுதான். இறகை மூடிக்கொண்டு அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனையில் ஒன்றாவது தொங்கினபடியே செத்திருக்காதா என்று தோன்றியது. செத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கையை வைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மற்றதெல்லாம் ஒரே மூச்சில் எழுந்து பறந்தன. ஒன்று மட்டும் என் கைக்குள் மாட்டியது. ஒரு துடிப்புத் துடித்தது. பயத்தில் இறுக்கிவிட்டேன். விரலைத் திறந்து பார்த்தால், உள்ளங்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கால்களை மடக்கிக்கொண்டிருந்தது. ஊதினேன், அசையவில்லை. வயிற்று நுனியில் மஞ்சளாகக் குஞ்சம் மாதிரி ஏதோ பிதுங்கியிருந்தது. அதன் குடல் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு அரளியில் பிறந்து, நாலு பேர் பார்க்கப் பறந்துபோனதே, அதுவாகவே இருக்கும் என்றும் தோன்றியது. அழக்கூட வரவில்லை. பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு குளத்துப் படிக்கு வந்தேன். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"செத்துக் கெடந்துதுணா" என்றேன்.

அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "நெசமாவா?" என்றான். நிஜமாக என்று தலையாட்டினேன். சட்டென்று சிரித்து என் தலையைத் தடவிக்கொடுத்தான். கைக்குட்டையில் தளர்வாக மூடிக்கொண்டு வீடு வந்தோம். வந்ததும் பிசின் தீர்ந்துவிட்டது, ஓடிப்போய் வாங்கி வா என்று என்னை பஜாருக்கு விரட்டினான். அந்தக் கடையில் இல்லை, அடுத்த கடையில் இல்லை என்று அலைந்து திரும்பினபோது பன்னிரண்டாவது இடத்தில் கருப்பு இருந்தது. பிசின் காய வேண்டும், யாரும் கிட்டே வரக் கூடாது என்று பெட்டியை உயரத்தில் வைத்துவிட்டான். அவன் சொல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். அந்தப் பெட்டி இருந்த திசையில்கூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் தீபாவளி. எங்களுக்கு அது மகாவீரர் முக்தி அடைந்த நாள். வெடி கிடையாது, கோயில் உண்டு. விடியும் முன்பே மேல்சித்தாமூர் கிளம்பினோம். தூறல் விழுந்ததும் நைனா குடையை விரித்தார். குடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. எலிதான் என்றாள் அம்மா. பொறி வைக்கவும் வழியில்லாத வீட்டில் எலியைத் திட்டத்தான் முடியும். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். நைனா ஓட்டை வழியாக ஆகாயத்தைப் பார்த்தார். ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்துவிட்டு, ஒரு தோள் நனைய நடந்தார். நான் என் பாவத்தோடு பின்னால் போனேன்.

கோயிலில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது நான் ஒரு நியமம் எடுத்துக்கொண்டேன். செய்த பாவத்துக்குப் பிடித்த பண்டத்தை விடுவது எங்களில் வழக்கம். எனக்கு அதிரசம் என்றால் உயிர். அதை விட்டேன். விட்டால் இத்தனை நாள், இத்தனை மாதம் என்று கெடு சொல்லி விட வேண்டும். எங்களில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்தில் நான் கெடு சொல்ல மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இலையில் அதிரசம் விழுந்தபோதுதான் அது உறைத்தது. யாரிடமாவது பரிகாரம் கேட்கலாம். கேட்டால் என்ன பாவம் என்று கேட்பார்கள். சொன்னால் அண்ணனின் பெட்டியில் இருப்பது தானாகச் செத்தது இல்லை என்று நைனாவுக்குத் தெரிந்துவிடும். அண்ணன் படிப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். அதிரசம் பிடிக்காத பெண் என்ற பெயர் புகுந்த வீடு வரை என்னோடு வந்தது.

அந்த வருஷம் அண்ணன் தேறவில்லை. கெமிஸ்ட்ரியில் போய்விட்டது என்று சொன்னான். உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள், அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பெட்டியை நான் கெடுக்கவில்லை, கெமிஸ்ட்ரிதான் கெடுத்தது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மறு வருஷம் வேறு வாத்தியார் வந்தார். பூச்சி வேண்டாம், படம் வரைந்தாலே போதும் என்றாராம். அண்ணன் தேறினான். அறிவியல் வாத்தியாராகிப் பேரன் பேத்தி எடுத்து ரிட்டையரும் ஆனான்.

நைனா தொண்ணூறைத் தொட்டுவிட்டுக் காலமானார். காரியமெல்லாம் முடிந்து பரணை ஒழித்தபோது நான் மேலே ஏறியிருந்தேன், அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பழைய வேட்டியில் சுற்றி அந்தப் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒட்டுப்போட்ட அந்தக் குடை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பாச்சை உருண்டை இல்லாத பெட்டி. பஸ்ஸில் கிடைத்த பதினொன்றும் அரித்துப்போய், வெறும் ஊசியும் அடியில் ஒரு சிட்டிகைப் பொடியுமாக இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் ஒரு புள்ளி உதிராமல் அப்படியே இருந்தது.

மூடியைத் திறந்து தொட்டேன். துணி. வெயிலில் வெளுத்த குடைத்துணி. ஓரத்தில் இருந்த வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு. உடம்பு ஒரு கிராம்பு. கீழே நின்ற அண்ணனிடம் அதை எடுத்துக் காட்டினேன்.

"அத்த இன்னுமா வெச்சிருந்தாரு?" என்று கீழேயிருந்து சிரித்தான் அண்ணன்.

சொன்னான். கையில் வாங்கிய உடனேயே அது உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். அந்தப் பூச்சியைப் பிடித்தால் செத்த மாதிரி கிடக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எழுந்து போய்விடும். மஞ்சளாக வந்தது குடல் இல்லை, வாடை காட்டிப் பயமுறுத்த அது நீட்டுகிற குஞ்சம். என்னை பஜாருக்கு விரட்டிவிட்டுக் கைக்குட்டையை அரளியடியில் பிரித்து வைத்தானாம். நான் தெருமுனை தாண்டுவதற்குள் போய்விட்டதாம். அதற்கப்புறம்தான் குடை, கத்தரிக்கோல் எல்லாம். கெமிஸ்ட்ரி பொய். பன்னிரண்டாவதைத் தொட்டுப் பார்த்த வாத்தியார்தான் அந்த வருஷத்தை வாங்கிக்கொண்டார். பெட்டியைத் திருப்பி எடுத்து வந்த அன்றைக்கு நைனா அதை அவன் கையிலிருந்து வாங்கி, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தானே பரணில் ஏற்றினாராம்.

தவளையெல்லாம் அறுத்தவன்தானே, ஒரு பூச்சிக்காக ஒரு வருஷத்தை விடுவார்களா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அழாமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் வழி.

"அறுத்ததெல்லாம் நான் அறுத்தது. இது நீ கொண்டாந்தது" என்றான்.

அதிரசக் கதையை நான் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் ஏணியைப் பிடித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் தீபாவளிக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பாவமே இல்லாத இடத்தில் நியமம் ஏது, சாப்பிடு என்றான். ஐம்பது வருஷம் கழித்து ஒரு விள்ளல் வாயில் போட்டேன். தித்திப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அன்றைக்கு என் உள்ளங்கையில் கிடந்தது சாகவில்லை. இந்தக் கை எப்போது விரியும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. விரித்த கை என்னுடையது இல்லை, அண்ணனுடையது என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.